தெருவுல இருக்குற பிள்ளைங்க மத்தியில ஊழியம் செய்யணும், எப்படி ஆரம்பிக்கிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

ஸ்தோத்திரம் எல்லாருக்கும். மன்னார்குடியிலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டுருக்காங்க, நீளமா எழுதிருக்காங்க, நான் சுருக்கி சொல்லிடுறேன். "அக்கா, நான் சபையில வாலிபர் ஐக்கியத்துல இருக்கேன், பஸ் ஸ்டாண்டுல ஸ்டேஷன்ல இருக்குற பிள்ளைங்களுக்கு ஏதாவது செய்யணும்னு ரொம்ப நாளா பாரம், ஒரு ஊழியத்தோட சேர்ந்து சனிக்கிழமை சனிக்கிழமை போகலாம்னு இருக்கேன், ட்ரெய்னிங் எதுவும் கிடையாது, சாப்பாடு பொட்டலம் கொடுத்தா போதுமா, மதம் மாத்துறாங்கன்னு பிரச்சனை வரும்னு வீட்டுல பயப்படுறாங்க, என்ன பண்றது?"

நல்ல கேள்வி பாப்பா. சனிக்கிழமை மட்டும்தான் முடியும்னா தாராளமா போங்க, ஆனா ஒவ்வொரு சனிக்கிழமையும் போகணும், அதே நேரம், அதே இடம். மழை பேஞ்சாலும் சரி, காலேஜ்ல எக்ஸாம் முடிஞ்ச மறுநாளா இருந்தாலும் சரி. கிறிஸ்மஸுக்கு கேக்கும் புது சட்டையும் தூக்கிட்டு வர்ற குரூப்பு நிறைய இருக்கு, அந்த பிள்ளைங்க எங்களையெல்லாம் நல்லா பாத்தவங்க, யாரு ஒரு தடவை வர்ற ஆளு, யாரு தொடர்ந்து வர்ற ஆளுன்னு நம்மள விட அவங்களுக்கு நல்லா தெரியும்.

கும்பகோணம் பக்கம் ஒரு பையன், பாட்டில் பொறுக்குற பையன், பேரு கேட்டா ஒரு வாரம் விஜய்னுவான், அடுத்த வாரம் அஜித்னுவான், அதுக்கு அடுத்த வாரம் வேற யாராச்சும். பொய் சொல்றான்னு நினைக்கக்கூடாது, பேரையும் ஊரையும் சொன்னா போலீஸ் வருமோ, அடிச்ச அப்பா வருவாரோன்னு அவனுக்கு பயம். அவன் வாய் திறந்தது எப்பன்னா, கண்ணாடி குத்தி உள்ளங்கால்ல வெட்டு, அதை பைப்படியில கழுவி பஞ்சு வச்சு கட்டிக்கிட்டு இருந்தப்ப. ரெண்டு பேரும் காலையே பாத்துக்கிட்டு இருக்கோம்ல, முகத்தைப் பாக்க வேண்டியதில்ல, அப்ப தானா வருது பேச்சு. அன்னிக்குத்தான் உண்மையான பேரு, அம்மா எந்த ஊரு, எந்த ட்ரெயின்ல ஏறினான் எல்லாம். அதனால பையில பொட்டலத்துக்கு முன்னாடி நகவெட்டி, பஞ்சு, மருந்து, ஒரு லூடோ போர்டு வச்சுக்கோங்கன்னு சொல்லுவேன். பசிச்சா சாப்பாடு வாங்கி கொடுங்க, கூட உக்காந்து சாப்பிடுங்க. காசு மட்டும் கையில வேண்டாம், சில பிள்ளைங்க அதுல பங்க்சர் ஒட்டுற சொல்யூஷன் வாங்கி துணியில ஊத்தி மோந்துக்கிட்டு கிடக்கும், சில பிள்ளைங்ககிட்ட பெரியவங்க யாராச்சும் சாயங்காலம் புடுங்கிக்குவாங்க.

இன்னொன்னு, தெருவுல நிக்கிற பிள்ளைன்னாலே அனாதைன்னு முடிவு பண்ணிடாதீங்க. பாதி பிள்ளைங்களுக்கு ஆத்தா அப்பன் பக்கத்துலயே பிளாட்பாரத்துல இருப்பாங்க, அவங்கள்ட்டயும் பேசணும். வேளாங்கண்ணி திருவிழா, ஆகஸ்ட் 29 கொடியேத்துனதுலேர்ந்து செப்டம்பர் 8 வரைக்கும், அந்த கூட்டத்துல பலூன் விக்க, பிச்சை எடுக்க குடும்பத்தோட வர்றவங்களும் உண்டு, வீட்டை விட்டு ஓடி வந்ததும் உண்டு, கூட்டத்துல தொலைஞ்சதும் உண்டு, மூணுக்கும் செய்ய வேண்டியது வேற வேற. நம்ம டெல்டாவுல கண்ணுக்கே தெரியாத பிள்ளைங்களும் இருக்காங்க, 2018-ல கஜா புயல் அடிச்சதுக்கு அப்பறம் கடனுக்கு ஆடு மேய்க்க பையன்களை விட்ட கதையெல்லாம் பேப்பர்ல வந்துச்சு. அதுங்கள பஸ் ஸ்டாண்டுல பாக்க முடியாது, வயக்காட்டுல கிடையோட கிடக்கும்.

சரி, ஒரு பிள்ளை நம்பி சொல்லிடுச்சு, அதுக்கப்பறம்? இங்கதான் நம்ம ஆளுங்க இரக்கப்பட்டு வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடுறாங்க, இல்ல தெரிஞ்ச பாஸ்டர் நடத்துற ஹோம்ல கொண்டுபோய் விட்டுடுறாங்க. வேண்டவே வேண்டாம். பிள்ளைங்களுக்கான உதவி எண் 1098-க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க. சிறார் நீதிச் சட்டம் 2015-னு இருக்கு, ஆதரவில்லாம தனியா இருக்குற பிள்ளையைப் பாத்தா 24 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லியே ஆகணும், சொல்லாம விட்டா அதுவே குற்றம். ஒவ்வொரு மாவட்டத்துலயும் குழந்தைகள் நலக் குழு இருக்கு, பிள்ளை எங்க இருக்கணும், வீட்டுக்கு அனுப்பலாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும், நீங்களும் நானும் இல்ல. பதிவு பண்ணாம ஹோம் நடத்துனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சத்துக்கு குறையாம அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம், "கர்த்தருடைய வேலை"ங்கிறதெல்லாம் அங்க செல்லாது, செல்லவும் கூடாது. நீங்க சேரப்போற ஊழியத்துக்கிட்ட பதிவு சர்டிபிகேட்டை கேளுங்க, கூச்சப்படாதீங்க, காட்ட மாட்டேன்னா சேராதீங்க.

போட்டோ. இதுல எனக்கு கோவமே வரும். சோறு ஊட்டுற மாதிரி செல்பி எடுத்து ஸ்டேட்டஸ்ல போடுறது. பராமரிப்புக்கு வந்த பிள்ளையோட பேரு, முகம், விலாசம் வெளியிட்டா அதே சட்டத்துல தண்டனை இருக்கு. சட்டம் கிடக்கட்டும், வலது கை செய்யறது இடது கைக்கு தெரியக்கூடாதுன்னு ஆண்டவர் சொன்னதை ஞாயித்துக்கிழமை கேட்டுட்டு திங்கக்கிழமை ஸ்டேட்டஸ் போடுவோமா?

மதம் மாத்துறது பத்தி வீட்டுல பயப்படுறாங்கன்னீங்க. பயம் நியாயமானதுதான். அதனால ஜெபம் பண்ணாத்தான் சாப்பாடு, பாட்டு பாடுனாத்தான் பிஸ்கட் அப்படிங்கிற ஊழியம் எதுவா இருந்தாலும் விலகிடுங்க. பசியோட இருக்குற பிள்ளை எதுக்கு வேணாலும் தலையாட்டும், அது விசுவாசம் ஆகாது. நான் ஏன் வர்றேன்னு ஒரு பிள்ளை கேட்டா இயேசுவால வர்றேன்னு சொல்லுவேன், கேக்காத பிள்ளைகிட்ட காலை காட்டுப்பான்னுதான் சொல்லுவேன். நம்ம மண்ணுக்கு இது புதுசும் இல்ல, டான் போஸ்கோ சபை ஃபாதர்கள் இந்தியாவுக்கு வந்து முதல்ல வேலை ஆரம்பிச்ச ஊரே தஞ்சாவூருதான், 1906-ல, பையன்களுக்கு பள்ளிக்கூடம், அனாதை இல்லம்னு.

ட்ரெய்னிங் இல்லன்னு கவலைப்படாதீங்க, அந்த ஊழியத்துல பழைய ஆள் ஒருத்தரோட கொஞ்ச நாள் சும்மா கூட நடங்க, அதுவே போதும். தனியா மட்டும் போகாதீங்க, எப்பவும் ரெண்டு பேரா, அதுல ஒருத்தர் பொம்பளையா இருக்கணும், பிள்ளையோட மறைவான இடத்துல தனியா உக்காரக்கூடாது, இது பிள்ளைக்கும் பாதுகாப்பு உங்களுக்கும் பாதுகாப்பு. பரீட்சைக்காக ரெண்டு வாரம் வரமுடியாதுன்னா முன்னாடியே பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு போங்க, எந்த சனிக்கிழமை திரும்ப வருவீங்கங்கிறதையும் சேத்து சொல்லுங்க.

சரி, அடுத்த கேள்வி சீர்காழியிலேர்ந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு.