அடங்கிய வாய், மாறாத மனம்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். தவறான பேச்சைத் திருத்தச் சமூக அழுத்தமே போதும் என்கிறது எதிரணி. அது ஓர் எல்லைக்கு மேல் திருத்தாது, அடக்க மட்டுமே செய்யும் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் சொன்னதில் ஒன்றை நான் மறுக்கமாட்டேன். பிறப்பையும் உடற்குறையையும் சொல்லிக் கேலி பேசுவோர் இன்று சற்றுத் தயங்குகிறார்கள் என்றால், அதில் முகஞ்சுளித்த சாதாரண மனிதர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் ஒருவர் முகஞ்சுளிப்பதும் ஆயிரம் பேர் கூடி ஒருவரை வளைத்துக்கொள்வதும் ஒன்றாகிவிடாது.

அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனையைப் பாருங்கள். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். அதே நீளமுள்ள கோடு எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும், முன்பே பேசிவைத்தபடி, தவறான விடையை உரக்கச் சொன்னார்கள். அந்த ஒருவராக அமர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர், கண்ணுக்கு நேரே சரியான கோடு இருந்தும், ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். பிறகு கேட்டபோது, தனித்துத் தெரியக் கூடாதென்றே அப்படிச் சொன்னதாகச் சிலர் ஒப்புக்கொண்டார்கள். அங்கே மிரட்டல் இல்லை, வேலை போகும் என்ற அச்சமும் இல்லை. இன்னொன்றையும் ஆஷ் கண்டார்: உண்மையைச் சொல்ல ஒரே ஒரு துணை இருந்தபோது, கூட்டத்துக்குப் பணிவது வெகுவாகக் குறைந்தது. நடுவர் அவர்களே, சமூக அழுத்தம் முதலில் விரட்டுவது அந்த ஒரு துணையைத்தான். அதன் பிறகு நிலவும் மௌனத்தைக் காட்டி, 'பாருங்கள், எல்லோரும் திருந்திவிட்டார்கள்' என்கிறோம்.

அளவு என்ற ஒன்றும் சமூக அழுத்தத்துக்கு இல்லை. நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு எழுத்தில் இருக்கும், மறுமொழி சொல்ல வாய்ப்பிருக்கும், மேல்முறையீடு இருக்கும். கூட்டத்திடம் சிக்கியவர் மன்னிப்புக் கேட்டால் பயந்து நடிக்கிறார் என்பார்கள்; கேட்காவிட்டால் திமிர் என்பார்கள். பொறுப்பில்லாமல் ஒரு வரி எழுதியவருக்கும் வன்முறையைத் தூண்டியவருக்கும் ஒரே வசைதான், ஒரே விலக்கம்தான்.

ஆகவே அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்கிறேன்: நீங்கள் போதும் என்று சொல்லும் இந்தத் தண்டனை என்றைக்கு முடிகிறது, அதை முடித்துவைக்கும் பொறுப்பு யாருடையது? விடையை இந்த அவையிலேயே சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.