டைவர்ஸ் முடிந்தும் வண்டி டியூ ஏன் உங்களைத் துரத்துகிறது?

வணக்கம் மக்களே. நம் சேனலுக்கு ஒரு கேள்வி விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. "அக்கா, எங்களுக்கு டைவர்ஸ் ஆகிவிட்டது. கார் அவரிடம்தான் இருக்கிறது. டியூவை அவரே கட்டிக்கொள்வதாகக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார். ஆனால் பைனான்ஸிலிருந்து எனக்கு போன் வருகிறது. நான் ஏன் கட்ட வேண்டும்?" பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். முன்னாள் மனைவி ஓட்டும் ஸ்கூட்டருக்கு டியூ கட்டிக்கொண்டிருக்கும் ஆண்களும் உண்டு.

வாகனக் கடன் கொடுக்கும் இடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். விவாகரத்து தீர்ப்பு உங்கள் இரண்டு பேரையும்தான் கட்டுப்படுத்தும். கடன் கொடுத்த வங்கி அந்த வழக்கில் ஆஜராகவே இல்லை. அதைக் கேட்டு யாரும் எழுதவும் இல்லை. கடனை யார் கட்டுவது என்று நீங்கள் இருவரும் எப்படிப் பிரித்துக்கொண்டாலும், வங்கிக்கு நீங்கள் போட்டுக் கொடுத்த கையெழுத்து அப்படியேதான் இருக்கும்.

இதோ, இது ஒரு கார் லோன் ஒப்பந்தம். ஒரு தோழி கொடுத்தது, பெயர்களை மறைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இரண்டு போட்டோ ஒட்டியிருக்கிறது பாருங்கள். இடது பக்கம் கடன் வாங்குபவர், வலது பக்கம் கோ-அப்ளிகன்ட், அதாவது கூடச் சேர்ந்து கடன் வாங்குபவர். இரண்டு போட்டோவின் மேலும் குறுக்கே கையெழுத்து. உள்ளே ஒரு ஷரத்து இருக்கிறது: பாக்கி மொத்தத்துக்கும் இரண்டு பேரும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. "பாதி எனக்கு, பாதி அவருக்கு" என்றுதான் நிறைய பேர் நினைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. 3 லட்சம் பாக்கி என்றால் அந்த 3 லட்சத்தையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. உங்கள் பங்குக்கு மேல் நீங்கள் கட்டியிருந்தால், அதை மற்றவரிடம் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், ரொம்ப முக்கியம்.

நம் ஊரில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் கார் எடுக்கும்போது பெண்ணின் அப்பாவை கேரன்டராக, அதாவது ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வைப்பார்கள். பெண் பிரிந்து வந்து அவர் வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளை ஓட்டும் காருக்கு நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் மனிதர்கள் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது. ஆனால் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம்தான்.

சரி, ஆர்.சி. விஷயத்துக்கு வருவோம். லோனில் இரண்டு பேர் இருந்தாலும் ஆர்.சி. பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் இருக்கும். அது உங்கள் பெயராக இருந்து, வண்டி அவரிடம் இருந்தால், டியூவை விடப் பெரிய ஆபத்து அதுதான். அவர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் ஓட்டி ஒரு விபத்து நடந்துவிட்டால், இழப்பீட்டு வழக்கில் உங்களையும் இழுப்பார்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. "வண்டி என்னிடம் இல்லை, கொடுத்துவிட்டேன்" என்று சொன்னால் எடுபடாது. பெயரை மாற்றலாம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனாலும், எச்.பி., அதாவது வண்டி கடனுக்கு அடமானமாக இருக்கிறது என்ற ஆர்.சி. பதிவு, இருக்கும்வரை பைனான்ஸ்காரர் எழுத்தில் சம்மதம் தராமல் மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆவது பிரிவு அப்படி.

அதனால் இன்னும் தீர்ப்பு வராதவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தீர்ப்புக்கு முன்னாலேயே இந்தக் கடனை முடித்துவிடுங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்தில், இந்து திருமணச் சட்டத்தின் 13பி-யில், முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவே 6 மாதம் இருக்கிறது. சில வழக்குகளில் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம், 2017-லிருந்து அந்த வழி இருக்கிறது. ஆனால் பொதுவாக அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்திலேயே வண்டி விஷயத்தை முடியுங்கள். இரண்டாவது மனுவுக்குப் போகும் அன்று லோன் முடிந்த கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். "எழுதிக் கொடுத்துவிட்டேனே, கட்டிவிடுவேன்" என்ற வாக்குறுதியை வைத்து வங்கியிடம் ஒன்றும் செய்ய முடியாது.

எப்படி முடிப்பது? விற்றுவிடுவதுதான் என் கருத்து. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாத டியூ சுமார் 12,600 ரூபாய். 3 வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அசல் பாக்கி ஏறக்குறைய 2 லட்சத்து 74 ஆயிரம். வண்டி மூன்றரை லட்சத்துக்குப் போனால் கடன் போக 75 ஆயிரம் மிஞ்சும். முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் அதில் கொஞ்சம் கழியும். கார் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி என்பதால் அந்தக் கட்டணம் இருக்கும், எவ்வளவு என்று உங்கள் ஒப்பந்தத்தில் பாருங்கள். மீதியைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவேளை வண்டி 2 லட்சத்துக்குத்தான் போகிறது என்றாலும் பரவாயில்லை. 74 ஆயிரத்தை இருவரும் பகிர்ந்து கட்டிவிட்டால் உறவும் கடனும் ஒன்றாகவே முடிந்துவிடும்.

அவருக்கு வண்டி வேண்டும் என்றால், அவர் பெயரில் மட்டும் புது லோன் எடுத்துப் பழையதை அடைக்கட்டும். பழைய லோனிலிருந்து உங்கள் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம், கேளுங்கள். ஆனால் உங்கள் சம்பளத்தையும் பார்த்துக் கொடுத்த கடன் அது. அவர் வருமானம் மட்டும் போதாது என்று தெரிந்தால் வங்கி ஒத்துக்கொள்ளாது.

லோன் முடிந்ததும் வங்கியிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) 35ஆம் படிவமும் வாங்கி ஆர்.டி.ஓ. பதிவில் எச்.பி.யைக் கேன்சல் செய்யுங்கள். பெயர் மாற 29, 30ஆம் படிவங்கள். முழுக்கட்டிய பிறகு 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தாமதப்படுத்தினால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து அமலில் உள்ளது. இழுத்தடித்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது, தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டவர்கள். அவர் டியூ கட்டவில்லை என்று உங்களுக்கு எப்போது தெரிகிறது? கலெக்‌ஷன் போன் வரும்போதுதானே? அதற்கு முன்பே தெரிய வேண்டும். பிராஞ்சுக்குப் போய் உங்கள் புது விலாசத்தையும் போன் நம்பரையும் எழுத்தில் கொடுங்கள். பழைய வீட்டுக்குப் போகும் நோட்டீஸ் உங்கள் கண்ணில் படாது. ஸ்டேட்மென்ட் கேளுங்கள். நீங்களும் கடன்தாரர், உங்களுக்கும் தர வேண்டும். யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிவு செய்யும் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக முழு ரிப்போர்ட் தருகின்றன. மாற்றி மாற்றி எடுத்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். தவறிய ஒவ்வொரு டியூவும் இருவர் ரிப்போர்ட்டிலும் ஏறும்.

"நான் கட்டட்டுமா, விடட்டுமா அக்கா?" முடிந்தால் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும். நாளைக்கு நீங்கள் வீட்டு லோனுக்குப் போகும்போது அது வந்து நிற்கும். ஆனால் ரொக்கமாகக் கட்டாதீர்கள். அவரிடம் கொடுத்துக் கட்டச் சொல்லவும் வேண்டாம். உங்கள் கணக்கிலிருந்து நேராக லோன் கணக்குக்குப் போகட்டும், ரசீதை எடுத்து வையுங்கள். மற்றவரிடம் கேட்டு வாங்கும் உரிமை என்று முதலில் சொன்னேனே, அதற்கு இது வேண்டும். டியூ அவர் பொறுப்பு என்பது தீர்ப்பிலேயே சேர்ந்திருந்தால், குடும்பநல நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட்டு அந்தப் பணத்தைக் கேட்கலாம். தீர்ப்பில் இல்லாமல் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியது என்றால் தனி வழக்கு போட வேண்டியிருக்கும். வக்கீலிடம் முதலில் இந்த வித்தியாசத்தைக் கேளுங்கள்.

கட்டவே முடியாத நிலை என்றால், ஒளியாதீர்கள். வண்டி யாரிடம், எங்கே இருக்கிறது என்று வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். இருவர் சம்மதத்தோடு விற்க முயற்சி செய்யுங்கள். சீஸ் ஆகி ஏலத்துக்குப் போனால் விலை குறைவாகத்தான் கிடைக்கும்; கடனுக்குப் போதாத மிச்சத்தை மறுபடி உங்களிடம்தான் கேட்பார்கள்.

கலெக்‌ஷன் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. மிரட்டுவது, ஆபீஸில் வந்து அசிங்கப்படுத்துவது எதற்கும் அனுமதி கிடையாது. கூப்பிட்ட நேரத்தைக் குறித்து, ஸ்கிரீன்ஷாட்டோடு முதலில் வங்கிக்கே புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகாரை விசாரிக்கும் அதிகாரி) ஆன்லைனில் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. லோன் நம்பர், வங்கிக்கு அனுப்பிய புகாரின் நகல், தீர்ப்பின் நகல் மூன்றையும் ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள்.