வனத்து அந்தோணியாரும் வேதகலாபனையும்

அன்பார்ந்த பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

வனத்து அந்தோணியார் என்றதும் பாலைவனமும், பேய்களின் சோதனைகளும், சுரூபத்தின் காலடியில் நிற்கும் பன்றியுமே நம் நினைவுக்கு வருகின்றன. பதுவைப் பதியராகிய கோடி அற்புதர் என்னும் மற்றோர் அந்தோணியாரோடு இவரைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வோரும் நம்மிடையே உண்டு. இருவருக்கும் இடையே ஏறத்தாழ 900 ஆண்டுகள் கிடக்கின்றன. உலகை வெறுத்து ஓடியவர் என்று இவரைப் பற்றிச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. அதற்குக் காரணம், 311ஆம் ஆண்டில் அவர் அலெக்சாந்திரியாவில் நடந்துகொண்ட விதம்.

அவர் எகிப்தில் ஏறக்குறைய 251ஆம் ஆண்டில் வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இருபது வயதை ஒட்டிப் பெற்றோரை இழந்த அவர், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லும் நற்செய்தி வாசகத்தை ஆலயத்தில் கேட்டு, செழிப்பான நிலத்தை ஊராருக்கு விட்டுக்கொடுத்து, தங்கையைக் கன்னியர் பொறுப்பில் ஒப்படைத்துத் துறவு பூண்டார். பின்னர் பாழடைந்த ஒரு கோட்டைக்குள் இருபது ஆண்டுகள் தனித்திருந்தார்.

உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் 303இல் தொடங்கிய வேதகலாபனை, அதாவது கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தும் நடவடிக்கை, 311ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான அரசாணையால் ஓய்ந்தது போலத் தோன்றினாலும், கீழைப் பகுதியை ஆண்ட மாக்சிமினுஸ் தாயா சில மாதங்களிலேயே அதை மீண்டும் தொடங்கினான். விசுவாசத்தை மறுக்காதவர்களின் வலக்கண்ணைப் பிடுங்கி, இடக்காலை முடமாக்கிச் சுரங்கங்களுக்கு அனுப்பிய கொடுமையை, அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பதிவுசெய்திருக்கிறார். அந்த வேளையில்தான் அந்தோணியார் தம் தனிமையை விட்டு அலெக்சாந்திரியாவுக்கு வந்தார்.

விசுவாசத்துக்காக உயிர்கொடுக்கும் மறைசாட்சியாக மரிக்க வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. ஆயினும் தம்மைத் தாமே பிடித்துக்கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. ஆகவே சிறைகளிலும் சுரங்கங்களிலும் இருந்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். விசாரணைக்கு நிறுத்தப்பட்டோரை மன்றத்திலேயே திடப்படுத்தி, தீர்ப்புப் பெற்றவர்களோடு கொலைக்களம்வரை நடந்தார். இதைக் கண்டு எரிச்சலுற்ற நீதிபதி, துறவிகள் எவரும் மன்றத்தில் தென்படக் கூடாது, நகரிலேயே தங்கக் கூடாது என்று கட்டளையிட்டான். மற்றத் துறவிகள் அன்று ஒளிந்துகொண்டார்கள். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தோணியாரோ தம் மேலாடையைத் துவைத்து உடுத்திக்கொண்டு, மறுநாள் ஆளுநனின் கண்ணில் படும்படி மேடான ஓர் இடத்தில் போய் நின்றார். ஆளுநன் பரிவாரத்தோடு அவ்வழியே சென்றான், அவரைப் பார்த்தான், கைவைக்கவில்லை.

அந்த ஆடையைத் துவைத்தவர் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தவத்தின் பொருட்டு உடம்பைக் குளிப்பாட்டாமலும், காலைக்கூடக் கழுவாமலும் வாழ்ந்தவர் என்று, பின்னாளில் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியார் எழுதிய வரலாறு இவரைக் குறிக்கிறது. அப்படிப்பட்டவர், தாம் கூட்டத்தில் மறைந்துவிடக் கூடாது என்பதற்காகவே தண்ணீரைத் தேடினார்.

அலெக்சாந்திரியாவின் ஆயர் பேதுரு அந்த ஆண்டின் இறுதியில் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். வேதகலாபனை தணிந்ததும் அந்தோணியார், உயிரைக் கொடுக்க வாய்க்கவில்லையே என்ற வருத்தத்தோடு தம் தனிமைக்குத் திரும்பி, முன்னிலும் கடுமையான நோன்பை மேற்கொண்டார். மனச்சாட்சியின் முன் அன்றாடம் மறைசாட்சியாக அங்கே வாழ்ந்தார் என்கிறார் அத்தனாசியார்.

பின்னர் செங்கடலை நோக்கிய மலையடிவாரத்தில் தோட்டம் போட்டு, கூடை முடைந்து வாழ்ந்த அவர், 356ஆம் ஆண்டு சனவரியில், தம் 105ஆம் வயதில் இறந்தார். தம் உடலை யாருக்கும் தெரியாத இடத்தில் புதைக்கும்படி இரண்டு சீடர்களிடம் சொல்லிவைத்திருந்தார். ஓர் ஆட்டுத்தோலையும், தாம் விரித்துப் படுத்த மேலாடையையும் அத்தனாசியாருக்கு விட்டுச் சென்றார். அந்த மேலாடை, புதிதாய் இருந்தபோது அத்தனாசியாரே கொடுத்தது. சில வாரங்களுக்குள், பெப்ரவரி மாதத்தில், பேரரசன் கான்ஸ்டான்சியுஸின் படைவீரர்கள் அலெக்சாந்திரியாவில் இரவு வழிபாட்டின்போது ஆலயத்துக்குள் புகுந்து அத்தனாசியாரைத் தேடினார்கள். இம்முறை துன்புறுத்தியவன் கிறிஸ்தவப் பேரரசனே. தப்பிய ஆயரை ஆறு ஆண்டுகள் மறைத்துக் காத்தவர்கள் எகிப்தின் பாலைவனத் துறவிகள். அந்தோணியாரின் வரலாற்றை அவர் எழுதியதும் அந்தத் தலைமறைவுக் காலத்தில்தான்.