பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நேரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டோ, பிள்ளைக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டோ கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கைவேலையை நிறுத்த வேண்டாம். செய்துகொண்டே கேளுங்கள். நான் பேச வந்த விஷயமும் அந்தக் கைவேலையைப் பற்றியதுதான்.

32 ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். முதலாமாண்டு வகுப்புக்குள் நுழைந்தால் பெஞ்சு பெஞ்சாகப் பெண்பிள்ளைகள். ரெக்கார்டு நோட்டைச் சொன்ன நாளில் கொண்டுவந்து வைப்பவர்கள் அவர்கள். ரேங்க் வாங்குபவர்களும் அவர்கள். என் கல்லூரியில் மட்டும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாடு முழுக்க அறிவியல் படித்த 57 லட்சம் பேரில் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் பெண்கள். பாதிக்கும் மேல். ஆனால் ஆராய்ச்சிப் பணியில் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தால், 2018 கணக்கில் 100-க்கு 17 பேர்கூடப் பெண்கள் இல்லை. வகுப்பறையில் பாதிக்கு மேல், ஆய்வுக்கூடத்தில் ஆறில் ஒரு பங்கு. மற்றவர்கள் எங்கே போனார்கள்?

எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையோடு என் அறைக்கு வந்து, "மேடம், அவசியம் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "பிஎச்டி என்னம்மா ஆச்சு?" என்று கேட்பேன். "அங்க போய்ப் பாத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க மேடம்" என்பார்கள். ஒரு வருஷம் கழித்து ஃபோன் வரும், பிள்ளை பிறந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு முன்னால் நிற்பது ஒரே கேள்விதான். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

அறிவியலில் பெண்கள் ஏன் குறைவு என்று எத்தனையோ கருத்தரங்கில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆர்வம் போதவில்லை என்பார்கள், தன்னம்பிக்கை இல்லை என்பார்கள். என் அனுபவத்தில் ஆர்வம் குறைந்து நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளையை விட இடம் இல்லாமல் நின்றவர்கள்தான் ஏராளம்.

இந்த இடத்தில் ஒருவருடைய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எத்தனை மேடையில் சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை.

சென்னையில் 1919-ல் பிறந்தவர் லலிதா. தெலுங்குக் குடும்பம். அப்பா சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். அந்தக் கால வழக்கப்படி லலிதாவுக்கு 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அந்த நாளில் ஒரு விதவைப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று உங்கள் வீட்டுப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லலிதா அதற்கு உட்படவில்லை. படிக்கப் போகிறேன் என்றார். குயின் மேரீஸ் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தார்.

அடுத்து என்ன படிப்பது? டாக்டர் படிப்பு அன்றைக்கே பெண்களுக்குத் திறந்திருந்தது. லலிதா வேண்டாம் என்றார். ஏன் தெரியுமா? டாக்டர் என்றால் நடுராத்திரியில் கூப்பிட்டு அனுப்புவார்கள், தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டு ஓட வேண்டிவரும் என்பதால். காலையில் போய் மாலையில் திரும்புகிற வேலையாக வேண்டும் என்று பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். பெண்கள் யாருமே இல்லாத படிப்பு. நேயர்களே, இதைக் கவனியுங்கள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று இன்று நாம் பெருமையோடு சொல்கிறோமே, அந்தப் பெருமைக்கு அடியில் இருப்பது, ராத்திரியில் என் பிள்ளை பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று ஒரு தாய் போட்ட கணக்கு.

அப்பா கல்லூரி முதல்வரிடம் பேசி அனுமதி வாங்கினார். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவே ஒற்றைப் பெண். விடுதியில் தனியாக இருந்தார். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை என்றதும், பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தயார் என்று அப்பா விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து லீலம்மா ஜார்ஜ், தெரசியா என்று இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள், சிவில் பிரிவில். கல்லூரி அச்சடித்து வைத்திருந்த பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் இருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் பேனா அடித்த கதையைச் சொன்னால் எல்லாரும் கை தட்டுவார்கள். நான் அதற்கு அடுத்த பாகத்தைத்தான் அழுத்திச் சொல்வேன். படிப்பு முடிந்தது, வேலைக்கு எங்கே போனார்? சிம்லாவுக்கு. ஏன் சிம்லா? அங்கே அவருடைய சகோதரர் குடும்பம் இருந்தது. பிறகு கொஞ்ச காலம் அப்பாவின் ஆராய்ச்சிகளில் கூட இருந்து உதவினார். அதற்குப் பிறகு கல்கத்தாவில் ஒரு பெரிய மின்சாதன நிறுவனத்தில் சேர்ந்தார். ஏன் கல்கத்தா? அங்கே இன்னொரு சகோதரர் வீடு. பக்ரா நங்கல் அணைக்கான மின் கருவிகளின் வேலையில் இவருடைய பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளுக்கான முதல் சர்வதேச மாநாடு நடந்தபோது இந்தியாவிலிருந்து போய்க் கலந்துகொண்டார். அத்தனையும் நடந்ததற்குக் காரணம், ஊருக்கு ஊர் ஒரு சகோதரர் மனைவி அந்தப் பெண்குழந்தைக்குச் சோறு ஊட்டித் தூங்கவைத்ததுதான். அவர்கள் பெயரை எந்தச் சான்றிதழிலும் யாரும் எழுதவில்லை.

லலிதாவுக்கு வாய்த்தது. எல்லாருக்கும் வாய்க்குமா? இன்றைக்கு மாமியாரும் வேலைக்குப் போகிறார், அம்மா ஊரில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார், அண்ணி வேறு நாட்டில் இருக்கிறார். நம்முடைய அறிவியல் நிறுவனங்கள் இன்னும் ஏதோ ஓர் அண்ணியை நம்பியேதான் நடந்துகொண்டிருக்கின்றன.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். வானிலை ஆய்வுக் கருவிகளை இந்தியாவிலேயே செய்யவைத்த அன்னா மாணி, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள், இரண்டு பேரைப் பற்றியும் வகுப்பில் நிறையப் பேசுவேன். ஜானகி அம்மாள் 80 வயதைத் தாண்டியும் சென்னை மதுரவாயலில் செடிகளோடுதான் இருந்தார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது அவர்கள் விருப்பம், அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி எழுந்து, "அப்போ ரெண்டுல ஒண்ணுதானா மேடம்?" என்று கேட்டாள். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதிலிருந்துதான் லலிதாவின் கதையையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

என் கதைக்கு வருகிறேன். கல்லூரியில் வேலைக்குச் சேர்வதற்கு முன், ஒரு நிறுவனத்தில் ஆய்வு மாணவியாக இருந்தேன். பெயர் வேண்டாம். மகளுக்கு நான்கு மாதம். காலை ஏழரைக்குப் பஸ் ஏறினால் பதினொன்றரைக்கெல்லாம் பால் கட்டிக்கொண்டு மார்பு கல் மாதிரி ஆகிவிடும், உடம்பு அனலாகக் கொதிக்கும். கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார ஓர் அறை கிடையாது. கழிப்பறையில் நின்று பாலைப் பீய்ச்சி, வாஷ்பேசினில் விடுவேன். வீட்டில் என் பிள்ளை அந்நேரம் பவுடர் பால் குடித்துக்கொண்டிருக்கும். குழாயைத் திறந்துவிட்டு அந்த வெண்மை கரைந்து போகிறவரை பார்த்துக்கொண்டே நிற்பேன். எனக்கு அன்று வேண்டியிருந்தது தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறையும் ஒரு நாற்காலியும். பாலை எடுத்து வைக்க ஒரு ஃபிரிட்ஜில் ஒரு தட்டு.

பிற்பாடு நானே கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, ஆனேன். ஒரு மாணவி வாழைத் திசு வளர்ப்பில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். திசு வளர்ப்பு வாழைக்கன்றை விவசாயக் குடும்பத்தார் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், ஜி-9 ரகக் கன்று அப்படி வருவதுதான். பாட்டிலுக்குள் வளர்கிற திசுவை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் புது மீடியாவுக்கு, அதாவது புது ஊட்டக் கலவைக்கு, மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கறுத்துப் போய்ச் செத்துவிடும். பிள்ளைப்பேறு, பச்சை உடம்பு என்று பார்த்துக்கொண்டிருக்காது. மூன்றாம் வருஷம் அவள் உண்டானாள். "விட்டுடறேன் மேடம், திரும்பி வந்தாலும் எல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று அழுதாள்.

நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அன்றாட வேலையைக் குறித்து வைக்கிற லாக் புத்தகத்தில் முறை போட்டேன். இந்த மாதம் நீ, அடுத்த மாதம் அவன் என்று ஜூனியர்கள் இரண்டு பேர் மாற்றி மாற்றி அவளுடைய பாட்டில்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் மார்க்கர் பேனாவால் தேதியும், அவளுடைய இனிஷியலும். மாற்றுகிறவர்கள் தங்கள் இனிஷியலைப் போடவில்லை, அவளுடையதைத்தான் போட்டார்கள். எட்டு மாதம் கழித்து வந்தாள். வளர்ப்பு அறையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே பச்சைப் பசேலென்று ரேக் நிறைய அவள் இனிஷியல். பேச்சே வரவில்லை அவளுக்கு. ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து மூடியைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். ஆய்வேட்டை முடித்து, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குப் பிள்ளையோடு வந்தாள்.

எட்டு மாதம் என்று சொன்னேன் அல்லவா, அது நான் கொடுத்த சலுகை இல்லை. பிஎச்டி செய்கிற பெண்களுக்குப் படிப்புக் காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதியிலேயே வந்துவிட்டது. ஆய்வேட்டை முடிக்க இரண்டு வருஷம் கூடுதல் அவகாசமும் உண்டு. மறுபடி சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 240 நாள், இரண்டு வருஷம். இது தெரியாமலே விட்டுப்போன பிள்ளைகள் எத்தனை பேர்! கைடுகளும் சொல்வதில்லை, அலுவலகத்திலும் சொல்வதில்லை.

மகப்பேறு சட்டத்தை 2017-ல் திருத்தி, வேலை பார்க்கும் பெண்களுக்கு 26 வாரம் வரை விடுப்பு கொடுத்தார்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்றும் அதில் சொன்னார்கள். ஆனால் ஆய்வு மாணவி சம்பளக்காரி இல்லை, உதவித்தொகை வாங்குபவள். காப்பகம் இருந்தும் 'ஸ்டாஃபுக்கு மட்டும்' என்று திருப்பி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிற காப்பகமும் உண்டு. சோதனை ஏழு மணிக்கு முடிந்தால் அந்தப் பிள்ளையை யாரிடம் விடுவது? திரும்பத் திரும்ப அங்கேயேதான் வந்து நிற்கிறோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இன்னும் மூன்று நிமிடம்தான் என்று மூன்று விரலைக் காட்டுகிறார். இடையில் நின்றுபோனவர்கள் திரும்பி வருவதைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் முதல் பெண் இயற்பியல் பேராசிரியர் டாஃப்னி ஜாக்சன், குடும்பத்துக்காக அறிவியலை விட்டவர்கள் பகுதிநேரமாகத் திரும்பி வரவென்றே 1985-ல் ஓர் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கினார். ஜெர்மனியில் 1995-ல் நோபல் பரிசு பெற்ற நுஸ்லைன்-வோல்ஹார்ட், 2004-ல் ஓர் அறக்கட்டளை வைத்து, குழந்தை உள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு வீட்டு வேலைக்கும் பிள்ளை பார்க்கவும் ஆள் வைத்துக்கொள்ளப் பணம் கொடுக்கிறார். கெமிக்கல் வாங்க இல்லை, வீட்டு வேலைக்கு! அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. நம் நாட்டில் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-லேயே பெண் விஞ்ஞானிகளுக்கான திட்டத்தைக் கொண்டுவந்தது. இப்போது வைஸ்-கிரண் என்ற பெயரில் நடக்கிறது. படிப்பையோ வேலையையோ இடையில் விட்ட பெண்கள் விண்ணப்பிக்கலாம். எம்எஸ்சி சான்றிதழைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கும் மருமகள் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே சொல்லுங்கள்.

அப்பாக்களைப் பற்றிப் பேச வேண்டும் என்றிருந்தேன். மத்திய அரசு ஊழியரான ஆணுக்குப் பிள்ளை பிறந்தால் விடுப்பு 15 நாள்தான். அதுவும் போதாது, அதையும் முழுசாக எடுப்பவர்கள் குறைவு. நேர்முகத்தேர்வில் பெண்களிடம் மட்டும் "குழந்தை இருக்கா, யார் பாத்துக்குவாங்க?" என்று கேட்கும் வழக்கத்தைப் பற்றியும் வைத்திருந்தேன், அதற்கு நேரம் இல்லை. விரல் ஒன்றாகிவிட்டது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கைடுகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது ஒரு பெண் உண்டாகியிருந்தால், அவள் கேட்கிறவரை காத்திருக்காமல், நாளைக்குக் காலையில் நீங்களே லாக் புத்தகத்தை எடுத்து முறை போடுங்கள். பாட்டிலில் அவள் இனிஷியலையே எழுதச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.