தாடிக்கு முன்னால் ஒரு கட்டில்

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் நாடகக் குழு ஒன்றின் ஒத்திகைத் தொடக்க நாளில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, நடிக்கப்போகும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

பிரார்த்தனையால் நோய் தீர்ப்பவர் என்று பேரெடுத்து ரஷ்ய அரண்மனைக்குள் போன ராஸ்புடின்தான் உங்கள் நாடகத்தில் வருகிறார். அவர் வேடத்துக்கு ஆள் கிடைக்கும் முன்பே தாடி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் கவலையே அதுதான். தாடியும் முறைக்கும் கண்களும் மேடையேறிவிட்டால், அவரை நம்பிய தாயை, அந்த நாட்டுப் பேரரசியை, யாரும் பார்க்கமாட்டார்கள்.

நான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா காலையில் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரிடம் மாத்திரை வாங்குவார். மாலையில் முனியாண்டி கோயில் பூசாரியிடம் மந்திரித்துத் திருநீறு பூசிவிடுவார். காய்ச்சல் இறங்கினால் பெயர் திருநீற்றுக்குத்தான். டிரெஸ்ஸருக்கு அதில் தீராத மனத்தாங்கல். ஆனால் பிள்ளை பிழைத்தால் போதும் என்று தவிப்பவரிடம், எந்த மருந்து கேட்டது என்று வழக்காட முடியுமா?

ரஷ்யப் பேரரசி அலெக்சாந்திராவையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். நான்கு பெண்களுக்குப் பிறகு 1904-இல் பிறந்த ஒரே மகன் அலெக்சி. அவனுக்கு ஹீமோபிலியா, இரத்தம் எளிதில் உறையாது. பாட்டி விக்டோரியா மகாராணியின் வழியில், தன் மூலமாகவே அது பிள்ளைக்கு வந்தது. அந்த நாளில் அதற்கு மருந்தும் கிடையாது. 1905 நவம்பரில்தான் அரச தம்பதியர் சைபீரிய விவசாயி ராஸ்புடினைச் சந்தித்தார்கள். அவர் துறவியல்லர், ஊரில் மனைவி மக்கள் இருந்தார்கள். தயவுசெய்து காவி உடுத்திவிடாதீர்கள்.

1912-இல் போலந்தின் ஸ்பாலாவில் சிறுவனுக்கு உள்ளுக்குள் இரத்தப்போக்கு. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்குச் செய்யும் கிறிஸ்தவச் சடங்குகூட நடந்துவிட்டது. சொந்த ஊரிலிருந்து ராஸ்புடின் தந்தி அனுப்பினார்: பிள்ளை சாகமாட்டான், மருத்துவர்கள் அவனை அதிகம் தொல்லைப்படுத்த வேண்டாம். விரைவிலேயே இரத்தப்போக்கு நின்றது. அந்தக் காட்சியில் ராஸ்புடின் மேடையிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். கட்டில், தாய், ஒரு காகிதம், அவ்வளவுதான்.

நோய் இன்னதென்று அரண்மனை நாட்டுக்குச் சொல்லவில்லை. குடியானவர் ஒருவர் அரசியிடம் போய்வருவது மட்டும் வெளியே தெரிந்தது. மிச்சத்தைத் தெரு இட்டு நிரப்பியது. 1915-இல் ஜார் போர்முனைக்குப் போனபின் அரசி எழுதிய கடிதங்களில் ‘நம் நண்பர்’, அதாவது ராஸ்புடின், சொன்ன யோசனைகள் வந்துகொண்டே இருந்தன. பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எத்தனை பேரை ராஸ்புடின் மாற்றினார் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் சச்சரவு உண்டு. தெருவுக்கு அந்தச் சந்தேகமே இருக்கவில்லை.

1916 டிசம்பரில் இளவரசர் யூசுபோவின் மாளிகையில் நடந்த ராஸ்புடின் கொலை உங்களுக்குத் தெரிந்ததே. அவருக்கு விஷம் வைத்த கேக் கொடுத்த கதை பெரும்பாலும் கொன்றவர்கள் சொன்னது. அதற்கு அரைமணி நேரம் ஒதுக்காதீர்கள்.

ராஸ்புடினைச் சுற்றிய வம்புப்பேச்சு அத்துடன் ஓயவில்லை. 1932-இல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் எடுத்த படத்தில் ராஸ்புடினால் கெடுக்கப்படும் ஓர் இளவரசி வருவாள். அது தன்னைத்தான் குறிக்கிறது என்று யூசுபோவின் மனைவி இரீனா லண்டனில் வழக்குத் தொடுத்தார். 1934-இல் 25,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. ‘பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்று படங்களில் போடும் வழக்கம் பரவியதற்கு அந்த வழக்கே காரணம் என்பார்கள்.

நம் அழைப்பிதழில் அந்த வரியைக் காணோம். அச்சகத்துக்குப் போகும் முன் யாராவது சேர்த்துவிடுங்கள்.