ஷூ முனையில் ஒரு குட்டி முடிச்சு: உலகப்போர் பாலே உடைகளை என்ன செய்தது?

வணக்கம் நண்பர்களே. உங்கள் வீட்டில் பாலே ஃப்ளாட்ஸ் இருக்கிறதா? குதிகால் உயரமில்லாத, முன்பக்கம் வட்டமாக இருக்கும் தட்டை ஷூ. இருந்தால் வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு அதை எடுத்து வாருங்கள்.

முனையில் ஒரு குட்டி ரிப்பன் முடிச்சு தெரிகிறதா? அழகுக்காக வைத்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது உண்மையில் ஒரு நாடாவின் மிச்சம். பாலே என்ற மேற்கத்திய நடனம் பழகுபவர்கள் போடும் மெல்லிய காலணியின் வாய் ஓரம் முழுக்க உள்ளுக்குள் ஒரு நாடா ஓடும், நம் சுருக்குப் பையில் ஓடுவது போல. அதை இழுத்து முன்னால் முடிந்தால்தான் ஷூ காலைக் கவ்விப் பிடிக்கும். கடையில் வாங்கும் ஷூவில் பெரும்பாலும் நாடா போய்விட்டது, முடிச்சு மட்டும் நிற்கிறது.

சரி, மேடையில் போட வேண்டிய செருப்பு எப்படித் தெருவுக்கு வந்தது? அதற்கு ஒரு போர், இரண்டாம் உலகப்போர், தேவைப்பட்டது. அந்த இடத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்களை ஹாலந்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

(திரையில்: ஹாலந்து வரைபடம், மே 1940)

பின்னணி ரொம்பச் சுருக்கமாக. 1931-ல் நினெட் டி வலுவா என்ற பெண்மணி லண்டனில் தொடங்கிய குழு, சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே. இன்று நாம் ராயல் பாலே என்று சொல்வது இதைத்தான். அவ்வளவு தெரிந்தால் போதும்.

1940 மே மாதம் இந்தக் குழு ஹாலந்தில் சுற்றுப்பயணம் போனது. உடன் வந்தவர்களில் மார்கோ ஃபோன்டெயின் என்ற இளம் நடனமணியும் உண்டு. மே 9 இரவு ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்ன்ஹெமில் நிகழ்ச்சி. முடித்துவிட்டு பஸ் ஏறி ஹேக் நகரத்துக்குத் திரும்பிப் படுத்தார்கள். விடிவதற்குள் ஜெர்மனி படையெடுத்துவிட்டது. வானத்திலிருந்து பாராசூட்டில் வீரர்கள் இறங்குவதை இந்த நடனக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். அப்புறம் துறைமுகம், சரக்குக் கப்பல், இங்கிலாந்து. உயிர் தப்பியது.

ஆனால் ஆறு பாலேக்களின் உடைகள், திரைச்சீலைகள், இசைக் குறிப்புகள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. ஆள் பாதி, ஆடை பாதி என்போமே, அந்த இரண்டாவது பாதி மொத்தமும் போய்விட்டது. அதில் 'ஹாரஸ்கோப்' என்ற பாலேயின் முழு இசைக் குறிப்பும் அடக்கம். ஃப்ரெட்ரிக் ஆஷ்டன் அமைத்த அந்த நடனம் அதற்குப் பிறகு மேடையேறவே இல்லை. ஒரு பெட்டி கைவிட்டுப் போனதில் ஒரு கலைப்படைப்பே போய்விட்டது. இதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

'ரேக்ஸ் ப்ராக்ரஸ்' என்ற இன்னொன்றுக்கு ஓவியர் ரெக்ஸ் விஸ்லர் மறுபடியும் வடிவமைத்துக் கொடுக்க, 1942-ல் அது திரும்ப வந்தது. அந்த விஸ்லர் பட்டாளத்துக்குப் போனார். 1944 ஜூலையில் நார்மண்டியில் இறந்தார்.

இப்போது துணி. 1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனில் துணிக்கு ரேஷன் என்று வானொலியில் அறிவிக்கிறார்கள். விஷயம் கசிந்தால் பணக்காரர்கள் கடையைக் காலி செய்துவிடுவார்கள் என்று கடைசி வரை ரகசியம். துணிக்கென்று கூப்பன் புத்தகம்கூட அடிக்கவில்லை, உணவு ரேஷன் புத்தகத்தில் மிச்சமிருந்த மார்ஜரின் கூப்பனைக் கொடுத்துத் துணி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 66 கூப்பன். கம்பளி கவுன் ஒன்றுக்கு 11, பெண்கள் ஷூவுக்கு 5, ஸ்டாக்கிங்ஸ் என்ற மெல்லிய நீளக் காலுறை ஒரு ஜோடிக்கு 2. கையில் காசு இருந்தாலும் கூப்பன் தீர்ந்தால் கதை முடிந்தது. பிறகு அந்த 66-ம் குறைந்தது.

1942-ல் தையலுக்கே சட்டம் வந்தது. பேன்ட் அடியை மடித்துத் தைக்கக் கூடாது. பாக்கெட்டுக்கும் பொத்தானுக்கும் கணக்கு. பட்டு முழுக்கப் பாராசூட்டுக்குப் போய்விட்டதால், பெண்கள் காலில் குழம்புக்கு நிறம் சேர்க்கும் பொடியைப் பூசி, ஸ்டாக்கிங்ஸின் பின்தையல் போலத் தெரிய புருவப் பென்சிலால் கெண்டைக்காலில் கோடு இழுத்துக்கொண்டார்கள்.

இந்த நிலைமையில் ஒரு டூட்டூவை யோசித்துப் பாருங்கள். பாலே என்றதும் கண்ணுக்கு வருமே, இடுப்பைச் சுற்றித் தட்டுப் போல விரியும் பாவாடை, அதுதான் டூட்டூ. அது ஒரே துணி கிடையாது. நெட் துணி, அடுக்கு மேல் அடுக்காக, பத்து அடுக்கு வரைகூட. ஒவ்வொன்றையும் சுருக்கு வைத்து, கீழ் அடுக்கு குட்டையாக, மேல் அடுக்கு நீளமாக, கையால் ஆங்காங்கே தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். ஊரில் பாக்கெட்டுக்கே கணக்குப் பார்க்கும்போது இது எத்தனை பெரிய செலவு என்று புரியும்.

(திரையில்: ராயல் ஓபரா ஹவுஸ் முகப்பு)

இந்த வீடியோவை நான் எடுத்ததே இனி சொல்லப்போகும் மனிதருக்காகத்தான். பெயர் ஆலிவர் மெஸ்ஸெல். மேடை வடிவமைப்பாளர். போர் வந்ததும் ராணுவத்தில் இவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? உருமறைப்பு! எதிரி வந்தால் சுடுவதற்காக இங்கிலாந்து முழுக்கக் கான்கிரீட் அரண்கள் கட்டினார்கள். மேலிருந்து பார்த்தாலும் பக்கத்தில் வந்தாலும் அது அரண் என்று தெரியக் கூடாது. மெஸ்ஸெல் ஒன்றை இடிந்த கோட்டை ஆக்கினார், இன்னொன்றைச் சாலையோர டீக்கடை ஆக்கினார், வேறொன்றை வைக்கோல்போர் ஆக்கினார். வைக்கோல்போருக்குள் ஒரு போர்! தமிழில் சொல்லும்போதுதான் இதன் முழு ருசியும் கிடைக்கிறது.

போர் முடிந்தது. லண்டனின் ராயல் ஓபரா ஹவுஸ் போர் முழுக்க ஜோடி ஜோடியாக ஆடும் பொது நடனக்கூடமாக இருந்தது. அதை மறுபடி திறக்க வேண்டும். அதற்கு சாட்லர்ஸ் வெல்ஸ் குழு தேர்ந்தெடுத்த பாலே 'ஸ்லீப்பிங் பியூட்டி'. நூறு வருஷம் தூங்கிய அரண்மனை கண்விழிக்கும் கதை. அந்த ஊருக்கு அந்த நேரத்தில் இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது என்பது என் கருத்து. வடிவமைப்பு மெஸ்ஸெல்.

நாள் 1946 பிப்ரவரி 20. போர் முடிந்திருந்தாலும் துணி ரேஷன் முடியவில்லை. மேடையிலோ ராஜா, ராணி, தேவதைகள், முழு அரசவை வேண்டும். மெஸ்ஸெலின் கைவேலையைக் கிட்டே வைத்துப் பாருங்கள். கிரீடம் போலத் தெரிவது, புகைபிடிக்கும் பைப்பைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் பஞ்சுக் கம்பி. அதை வளைத்தால் கொடி, சுருட்டினால் மொட்டு. மெல்லிய கம்பி, காகிதம், பளபளக்கும் செலோஃபேன், மேலே கொஞ்சம் பெயின்ட். கையில் எடுத்தால் குழந்தைகளின் கைவினை வகுப்பு. பத்து அடி தள்ளி, மேடை வெளிச்சத்தில் வைத்தால் பொக்கிஷம். எத்தனை தூரத்திலிருந்து பார்த்தால் கண் ஏமாறும் என்ற கணக்கு அவருக்கு அத்துப்படி. அந்தக் கணக்கை அரண்களை மறைத்தபோது அவர் இன்னும் கூர்மையாக்கியிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

அன்று அரசர் ஆறாம் ஜார்ஜ் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். ஃபோன்டெயின்தான் இளவரசி அரோரா. ஹாலந்தில் உடைப்பெட்டிகளை விட்டு ஓடிவந்த அதே பெண். குழுவின் நடனக் கலைஞர் ராபர்ட் ஹெல்ப்மன் அதே இரவில் சாபமிடும் சூனியக்காரியாகவும் வந்தார், சாபத்தை நீக்கும் இளவரசனாகவும் வந்தார்! 1949 மார்ச்சில்தான் பிரிட்டனில் துணி ரேஷன் ஒழிந்தது. அதே அக்டோபரில் இதே பாலேயோடு நியூயார்க் போனார்கள். அமெரிக்கர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். நவம்பரில் டைம் இதழ் அட்டையில் ஃபோன்டெயின் படம்.

 

இப்போது அந்த ஷூ. அமெரிக்காவில் 1943 பிப்ரவரியில் ஷூவுக்கு ரேஷன் வந்தது. தோல் பட்டாளத்துக்கு வேண்டும், அதனால் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு மூன்று ஜோடி. ஆனால் நடனக்காரர்களின் பாலே ஸ்லிப்பர் அந்தப் பட்டியலில் இல்லை! க்ளேர் மெக்கார்டெல் என்ற நியூயார்க் ஆடை வடிவமைப்பாளர் இதைப் பிடித்துக்கொண்டார். 1887 முதல் நடனக் காலணி செய்துவரும் காபெசியோ நிறுவனத்திடம், அதே ஸ்லிப்பருக்குத் தெருவில் நடக்கிற மாதிரி உறுதியான அடிப்பாகம் வைத்து, தன் கவுன்களுக்குப் பொருத்தமான துணியில் செய்து தரச் சொன்னார். விலை குறைவு, கூப்பன் வேண்டாம், குதிகால் வலி கிடையாது. பெண்கள் பிடித்துக்கொண்டார்கள், போர் முடிந்த பிறகும் விடவில்லை.

கூப்பன், கண்ட்ரோல் எல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். அதே 1943-ல் பிரிட்டிஷ் இந்திய அரசும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு ஆணை போட்டது. உங்கள் வீட்டில் தொண்ணூறு தாண்டிய பாட்டி தாத்தா யாராவது இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: கண்ட்ரோல் காலத்தில் தீபாவளிக்குத் துணி எப்படி வாங்கினீர்கள், கல்யாணப் புடவைக்கு என்ன செய்தீர்கள்? அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே கமென்டில் எழுதுங்கள். ஒன்றுவிடாமல் படிப்பேன், அடுத்த வீடியோவில் அவற்றை வாசிக்கிறேன்.