விதைக்கோட்டை மட்டும் வைத்திருப்பவன்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வைரஸ் என்றால் என்ன என்று பேசச் சொன்னார்கள். கொரோனாவில் தொடங்குவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதை எல்லோரும் வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. நான் சம்பா வயலில் தொடங்குகிறேன்.

எங்கள் அப்பாவுக்கு வெண்ணாற்றுப் பாசனத்தில் மூன்று மா நிலம். ஓர் ஐப்பசியில், தூர் கட்டுகிற சமயம், பயிர் திட்டுத் திட்டாக மஞ்சள் கண்டது. இலை நுனியில் தொடங்கி ஆரஞ்சு நிறம் கீழே இறங்கியது. பக்கத்துப் பயிர் முழங்காலைத் தொட, இது பாதியில் நின்றுவிட்டது. மருந்துக் கடைக்காரர் வயலைப் பார்க்காமலேயே தழைச்சத்துக் குறை என்று யூரியா கொடுத்தார். அடுத்த வாரம் பூஞ்சண மருந்து. இரண்டும் வீண் செலவு. வந்திருந்தது துங்ரோ என்ற வைரஸ் நோய். போட்ட யூரியாவில் பயிர் தளதளவென்று ஆனதுதான் மிச்சம், அதுவும் நோயைச் சுமந்துவரும் பூச்சிக்குத்தான் விருந்து.

சரி, வைரஸ் யார்? பாக்டீரியா தனிக்குடித்தனக்காரன், தானே தின்னும், வளரும், இரண்டாகப் பிரியும். வைரஸுக்கு அடுப்பே கிடையாது. புரதத்தால் ஆன ஒரு சாக்கு, உள்ளே டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ என்ற மரபுக் குறிப்பு. சிலவற்றுக்கு மேலே ஒரு கொழுப்புப் போர்வையும் உண்டு, அவ்வளவுதான். நிலமும் ஏரும் ஆளும் இல்லாமல், விதைநெல்லை வைக்கோலில் சுற்றிக் கட்டிய விதைக்கோட்டை மட்டும் வைத்திருப்பவன் மாதிரி. உயிருள்ள செல்லுக்குள் நுழைந்துவிட்டால், அந்த வீட்டு ஆட்களை வைத்தே தன் விதையை விதைத்து அறுத்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் அடுப்பை உடைக்கிற மருந்து. அடுப்பே இல்லாதவனிடம் எதை உடைப்பது?

1892இல் ரஷ்யாவில் இவானோவ்ஸ்கி என்பவர் நோய்பட்ட புகையிலைச் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார். பாக்டீரியா தங்கிவிடும் வடிகட்டி அது. வடிந்த சாறும் நோயைத் தந்தது. அப்படியென்றால் குற்றவாளி பாக்டீரியாவைவிடச் சிறியவன். 1898இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஃபிராஷ் இருவரும் மாட்டு நோய் ஒன்றிலும் இதையே கண்டார்கள். எந்த நோய் தெரியுமா? நம் கோமாரிதான். வாயில் நுரை, குளம்பிடுக்கில் புண். பால் வற்றிப் போவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கால்நடைகளிடம் முதன்முதலில் கண்டறியப்பட்ட வைரஸ் அது.

துங்ரோவுக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் ஆசை. அது ஒரு வைரஸ் இல்லை, இரண்டு. ஒன்று உருண்டை, ஒன்று நீளம். உருண்டை தனியாக இருந்தால் பயிருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது; ஆனால் பச்சைத் தத்துப்பூச்சியின் வாயில் ஏறிக்கொள்ள அதற்குத்தான் தெரியும். நீளம்தான் பயிரைக் குட்டையாக்கி மஞ்சளடிக்கிறது. ஆனால் உருண்டை துணைக்கு இல்லாமல் அது பூச்சியில் ஏறாது. வழி தெரிந்தவன் ஒருவன், வீட்டைக் கெடுப்பவன் இன்னொருவன்! இந்தத் தொற்று பூச்சியின் குஞ்சுக்குப் போவதில்லை. பூச்சி தோலுரித்தாலும் போய்விடும். மறுபடி நோய்பட்ட பயிரை உறிஞ்சினால்தான் திரும்ப வரும். அதனால்தான் நோய்ப் பயிரைப் பிடுங்கிப் புதைக்கச் சொல்கிறோம். அறுத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்பையும் உழுதுவிடச் சொல்கிறோம்.

தை அறுப்புக்கு முன் வயல் மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் தெளிக்கிறோமே உளுந்து, அதில் வரும் மஞ்சள் தேமலும் வைரஸ்தான். அதைச் சுமப்பது வெள்ளை ஈ. வாழையின் முடிக்கொத்து நோயில் சுமைகாரர் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. நோய்பட்ட மரத்துக் கன்றை நட்டால் அசுவினிகூடத் தேவையில்லை, நாமே சுமந்துவிடுகிறோம்.

எல்லா வைரஸும் நமக்குப் பகை இல்லை. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களும் உண்டு. அது வேறு கதை, இன்னொரு நாள் பேசலாம்.

முன் வரிசை அம்மா கோமாரிக்கு ஊசி போடலாமா என்று கேட்டார்கள். போடலாம், ஆனால் நோய் வருமுன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வந்தபின் புண்ணைக் கழுவிப் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம்.

நாளைக் காலை இங்கேயே இருப்பேன், அயோடின் கரைசல் கொண்டுவந்திருக்கிறேன். சந்தேகப்படும் பயிரின் இலை நுனியை வெயில் ஏறுமுன் வெட்டிக்கொண்டு வாருங்கள். துங்ரோ என்றால் இலையில் மாவுச்சத்து தேங்கியிருக்கும், கரைசலில் கருநீலமாகும். யூரியா மூட்டையை அதுவரை பிரிக்க வேண்டாம்.